சான்று கேளாத சட்டம்

திருடன் என்று ஒருவனைச் சிறையிலிட வேண்டுமானால் அதற்குச் சான்று வேண்டும். பைத்தியம் என்று ஒருவரை அடைத்து வைப்பதற்கோ? வரலாறு தரும் விடை நம்மைத் தலைகுனிய வைக்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1851ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. கணவன் கேட்டு, பைத்தியசாலைத் தலைமை வைத்தியரும் இணங்கினால், மனைவியை அங்கு அடைத்து வைக்கலாம். மற்றையோருக்குத் தேவைப்படும் சான்று மனைவிமார் விடயத்தில் வேண்டியதில்லை என்று அச்சட்டமே கூறிற்று!

எலிசபெத் பக்கார்ட் ஆறு பிள்ளைகளின் தாய். அவரது கணவர் மதபோதகர். மனிதன் பிறவியிலேயே பாவி என்ற போதனையை எலிசபெத் ஏற்க மறுத்தார். 1860 யூன் மாதத்தில் ஜாக்சன்வில் பைத்தியசாலை அவரை விழுங்கியது. விசாரணையுமில்லை, தீர்ப்புமில்லை. தீர்ப்பே இல்லாதபோது எதனை எதிர்த்து மேன்முறையீடு செய்வது? மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

1863இல் வெளிவந்தவரைக் கணவர் வீட்டறையொன்றில் பூட்டி வைத்தார். எலிசபெத் இரகசியமாக அனுப்பிய கடிதம் நண்பர் கைக்கு எட்டியது. ஆட்கொணர்வு மனு பிறந்தது. 1864 சனவரியில் கன்ககீ நகர நீதிமன்றத்தில் அவரது சித்தசுவாதீனம் யூரிமார் முன் விசாரிக்கப்பட்டது. அன்றுதான் சான்று கேட்கப்பட்டது. சாட்சியாக வந்த வைத்தியர் ஒருவர் தாம் கண்ட அறிகுறிகளை வரிசைப்படுத்தினார். தம்மைப் பைத்தியம் என்று அழைப்பதை எலிசபெத் வெறுத்தார் என்பதும் அவற்றுள் ஒன்று! ஒப்புக்கொண்டால் நோயாளி; மறுத்தாலும் நோயாளி. இந்தப் பொறியிலிருந்து தப்புவது எங்ஙனம்? யூரிமாருக்கு ஏழு நிமிடங்களே தேவைப்பட்டன. எலிசபெத் சித்தசுவாதீனமுள்ளவர் என்று அவர்கள் தீர்ப்பளித்தனர்.

ஆயினும் வீடு திரும்பியபோது அங்கே பிள்ளைகள் இல்லை. கணவர் அவர்களை மசாசூசெட்சுக்குக் கொண்டு சென்றுவிட்டார். எலிசபெத் ஓய்ந்துவிடவில்லை, நூல்கள் எழுதினார், சட்டசபைகளின் கதவுகளைத் தட்டினார். யூரர் விசாரணையின்றி எவரையும் பைத்தியசாலையில் அடைக்கலாகாது என்று 1867இல் இலினோய் சட்டமியற்றியது.

நூற்றாண்டு கடந்து, டெக்சாசைச் சேர்ந்த அடிங்டன் வழக்கில், அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1979இல் ஓர் அளவுகோலை வகுத்தது. ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகக் காலவரையறையின்றி மனநோய் மருத்துவமனையில் வைப்பதற்கு, சாதாரண பணவழக்குக்குப் போதுமான சான்று போதாது. தெளிவான, நம்பத்தக்க சான்றை அரசு முன்வைக்க வேண்டும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும் என்ற வாதத்தை அந்நீதிமன்றம் ஏற்கவில்லை.

நோயுற்றோருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னே நிற்பவர் தம் வாயால் சொல்லும் எதுவும் நோயாகவே கொள்ளப்படும்போது, சான்றைக் காட்டும் பொறுப்பு பூட்டியவரையே சாரவேண்டும். அந்தப் பொறுப்பைச் சட்டத்தில் எழுதுவிக்க ஒரு தாய் தன் பிள்ளைகளை இழக்க நேர்ந்ததை நாம் மறக்கலாகாது.