மலை மறித்த அலை, கடல் கொடுத்த அலை

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மஹனோய் சிட்டி என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே மின்சாதனக் கடை வைத்திருந்தார் ஜான் வால்சன். கடையில் புத்தம் புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்றும் விலைபோகவில்லை. பிலடெல்பியாவிலிருந்து கிளம்பிய அலைகள், ஊரை வளைத்து நின்ற மலையில் முட்டி நின்றுவிட்டன. பெட்டியைப் போட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிதான். வாங்க வருகிறவர்களை மலையுச்சிக்குக் கூட்டிப்போய், அங்கே நட்டிருந்த ஆன்டெனாவில் படம் காட்டி, மறுபடி கீழே கூட்டி வந்தார் வால்சன். எத்தனை பேரைத்தான் மலையேற்றுவது? ஆட்களை மேலே ஏற்றுவதைவிடப் படத்தைக் கீழே இறக்கினால் என்ன என்று தோன்றியது.

ராணுவம் கழித்துப்போட்ட பட்டை வயர் மலிவாகக் கிடைத்தது. அதை உச்சியிலிருந்து கடைவரை இழுத்து வந்தார். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் படம் தெளிவாக விழுந்தது, தெருவே கூடியது. வயர் வந்த வழியிலிருந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் ஒரு கிளை கேட்டார்கள். இணைப்புக்கு 100 டொலர், மாதம் 2 டொலர். இவ்வளவும் வால்சன் பிற்காலத்தில் சொன்ன கதை. சாட்சி சொல்ல வேண்டிய பதிவேடுகள் 1952இல் தீயில் எரிந்துபோயின. போதாததற்கு, நாட்டின் மறுகோடியில் அதே 1948இல் இன்னொருவரும் வயர் இழுத்திருந்தார்.

ஒரேகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் எட் பார்சன்ஸுக்கு வந்த தொல்லை வேறு விதம். மனைவி கிரேஸ் ஆசைப்பட்டாரென்று, பக்கத்து ஹோட்டல் கூரையில் ஆன்டெனா நட்டு, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த சியாட்டில் நிலையத்தைப் பிடித்து வீட்டுக்கு வயர் இழுத்தார். படம் விழுந்த நாளோடு வீட்டின் நிம்மதி போயிற்று. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் முன்னறையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கூட்டத்தைக் கலைக்க வழி தேடிய பார்சன்ஸ், ஹோட்டல் வரவேற்புக் கூடத்துக்கு ஒரு வயர் கொடுத்தார். பிறகு தெருவிலிருந்த கடைக்கும் ஒன்று. இப்படியொன்று நடக்குமென்று எந்தச் சட்டமும் நினைத்திருக்கவில்லை.

இந்த வயர்களுக்கு உரம் போட்டது அரசாங்கமேதான். 1948 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம், புதிய நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதை நிறுத்தியது. அந்தத் தடை நீங்க 1952 ஏப்ரல் ஆயிற்று. மூன்றரை வருடம் நிலையம் வராத சிற்றூர்களில் வயர் வந்தது. தடை நீங்கி, சிற்றூர்களிலும் குட்டி நிலையங்கள் முளைத்தபோதுதான் சண்டை தொடங்கியது. வயர்காரர் தூரத்து நகரத்தின் பளபளப்பான நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்து கொட்ட, உள்ளூர் நிலையம் விளம்பரமில்லாமல் மூச்சுத் திணறியது. அந்த நிலையக்காரர்கள் ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். கேபிள் எங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று 1959இல் ஆணையம் கையை விரித்துவிட்டது.

அந்தக் கையை மடக்க வைத்தது வயோமிங் மாநிலத்தின் ஒரு மூலை. ரிவர்ட்டன், லாண்டர், தெர்மோபொலிஸ் என்ற சிற்றூர்களின் கேபிள்காரர்களுக்கு வெளியூர் நிகழ்ச்சிகளை நுண்ணலையில் அனுப்பித் தர, கார்ட்டர் மவுண்டன் என்ற நிறுவனம் விண்ணப்பித்தது. ரிவர்ட்டனிலிருந்த ஒரேயொரு சிறிய நிலையம் எதிர்த்தது. வழக்கின் உயிர் ஒரு எளிய கேள்வியில் இருந்தது. போட்டியில் அந்த நிலையம் மூடப்பட்டால் ஊருக்குள் இருப்பவன் காசு கொடுத்துக் கேபிள் பார்ப்பான். வயர் எட்டாத பண்ணை வீட்டுக்காரன் எதைப் பார்ப்பான்? 1962இல் ஆணையம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஆனால் கதவை முழுதாகச் சாத்தவில்லை. உள்ளூர் நிலையத்தையும் தங்கள் வயரில் ஏற்றிக் காட்ட வேண்டும், அது காட்டுவதையே வெளியூரிலிருந்து இரட்டிப்பாகக் கொண்டுவரக் கூடாது, இதற்கு உடன்பட்டால் மறுபடி வரலாம் என்றது. 1963இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. 1966இல் எல்லாக் கேபிள்காரர்களுக்கும் விதி வந்தது. 1968இல் உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் அதிகாரத்தை உறுதிசெய்தது. காட்டித்தான் ஆகவேண்டிய அலைவரிசை என்ற சங்கதி உலகத்தில் கால் வைத்தது இப்படித்தான். அது கடல் தாண்டி வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

இதற்கிடையில் இலங்கையின் புத்தளம் கரையில் நேர்மாறான ஒன்று நடந்தது.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் நன்கொடையில் ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகல உச்சியிலிருந்து புறப்பட்ட அலை இலங்கையோடு நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தூத்துக்குடி, திருநெல்வேலி வீடுகளிலும் போய் இறங்கியது. சொந்த ஊரில் தூர்தர்ஷன் தெரியாத அந்தப் பக்கத்து மக்கள், ரூபவாஹினி பார்க்கவே பெட்டி வாங்கினார்கள். சில வருடங்களில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது. அலை திரும்பி இந்தப் பக்கம் வந்தது.

மஹனோய் சிட்டியில் மலை மறித்ததைப் புத்தளம் கரையின் கற்பிட்டியில் கடல் திறந்துவிட்டது. காற்று அடங்கிய வெக்கை நாட்களில் கடல் மேலே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்கடுக்காகப் படியும். அந்த அடுக்கு அலையை வானத்துக்குத் தப்பவிடாமல் வளைத்துக் கடல் மட்டத்தோடு வெகுதூரம் இழுத்துவரும். கற்பிட்டியிலும் உடப்பிலும் இந்த விஞ்ஞானம் தெரியாதவர்களுக்கும் அதன் பலன் தெரியும். கூரைக்கு மேலே உயரக் குழாய், அதன் தலையில் மீன்முள் போல அலுமினியக் கம்பிகள், அங்கிருந்து சன்னலுக்குள் இறங்கும் பட்டை வயர். வால்சன் மலையிலிருந்து இழுத்ததும் இதே சாதி வயர்தான். வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் கூரையில் ஒரு பையன் ஏறியிருப்பான்.

“காக்கா, இப்ப எப்பிடி?”

“இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் திருப்புடா தம்பி. ஆ… நில்லு, நில்லு! அசையாதே!”

அவன் கையை எடுத்தால் படம் போய்விடும். உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். ஆறு மாதத்துக்கொரு தடவை மூட்டுகளைச் சுரண்ட வேண்டும். மற்றபடி செலவில்லை. மாதக் கட்டணம் கிடையாது, வயர்காரர் கிடையாது. அலை கடவுச்சீட்டு இல்லாமல் வந்து போனது. 1982இன் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டமும் அலையை மனதில் வைத்தே எழுதப்பட்டது. தனியார் நிலையம் நடத்த அமைச்சரின் உரிமம் வேண்டும் என்றது. ஒரு தெருவுக்குள் ஓடும் வயரைப் பற்றி அதற்குக் கவலையில்லை. கடல் இருக்கும்வரை படம் இருக்கும் என்றுதான் கரையில் எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்தது எங்கோ நடந்த ஒரு யுத்தம்.

1991 வளைகுடா யுத்தத்தை சி.என்.என். நேரடியாகக் காட்டியது. இந்திய நகரங்களில் தட்டு ஆன்டெனாக்கள் முளைத்தன. அதே வருடம் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்ததும் தமிழ்நாட்டுத் தெருக்களில் வயர் மாடிக்கு மாடி தாவியது. ஒரு தட்டு, ஒரு பெருக்கி, நூறு வீடு, இதுதான் முதலீடு. ராஜஸ்தானில் ஒரு மாவட்ட நிர்வாகம் உரிமமில்லையென்று கேபிளை நிறுத்த, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பழைய தந்திச் சட்டங்களின்படி உரிமம் வேண்டும் என்று 1993இல் தீர்ப்பு வந்தது. ஒரே தீர்ப்பில் நாட்டின் வயர்களெல்லாம் கள்ள வயர்கள் ஆகிவிடும் நிலை. இத்தனை ஆயிரம் சிற்றூர்களில் இத்தனை பேரையும் எந்த அலுவலகத்தில் வைத்துப் பதிவது?

விடை தபால் பெட்டி நிறத்தில் இருந்தது. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டம், 1995இல் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் சட்டம். கேபிள்காரர் அந்த வட்டாரத்துத் தலைமை அஞ்சலகத்துக்குப் போய், படிவம் நிரப்பி, 50 ரூபாய் கட்டினால் அப்போது பன்னிரண்டு மாதத்துக்குப் பதிவு கிடைத்தது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. சிற்றூர்க்காரனைத் தலைநகருக்கு அலைய வைக்காத விதி அபூர்வம். அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில், தூர்தர்ஷன் அலைவரிசைகள் இரண்டையாவது கட்டாயம் காட்ட வேண்டும் என்ற வரி இருந்தது. ரிவர்ட்டன் வழக்கில் பிறந்த யோசனை தமிழ்நாட்டு வயருக்குள் ஓடத் தொடங்கிய நாள் அது.

கடலின் இந்தப் பக்கம் நிலைமை தலைகீழானது. ஊரெல்லாம் பேசிய தொடர்களும் படங்களும் வானத்துச் செய்மதிக்கு ஏறிவிட்டன. கற்பிட்டிக் கூரைக் கம்பிக்குத் தூர்தர்ஷன் மட்டும் மிஞ்சியது. செய்மதி அலைக்குக் கடலின் தயவு தேவையில்லை, தட்டு தேவை, காசு தேவை. சட்டமும் தடுமாறியது. 1996இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு பிறந்தது. 1997இல் ஒலி, ஒளிபரப்புக்குத் தனி அதிகாரசபை அமைக்கும் சட்டமூலம் வந்தபோது, அது அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்ட சபை அல்ல, அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று இலங்கையின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் மே 5ஆம் திகதி தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகு நல்ல சபை ஒன்றை உருவாக்காமல், 1982இன் சட்டத்தையே இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது பெரும் குறை. அந்தப் போர்வைக்கு வெளியே வயர் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது.

மஹனோய் சிட்டியில் மரங்களில் ஏறிய வயர், புத்தளத்தில் ஏற்கெனவே கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த தொலைபேசி வயருக்குள்ளேயே வந்துவிட்டது. டெலிகொம் நிறுவனத்தின் பியோ டிவி அப்படித்தான் வீட்டுக்குள் நுழைந்தது. டயலொக் நிறுவனத்தின் குட்டித் தட்டு கூரையில் உட்கார்ந்தது. இன்றைக்குக் கற்பிட்டியில் ஒரு வீட்டில் ரிமோட்டை எடுத்து அழுத்தினால், கிரிக்கெட்டுக்கும் தொடருக்கும் போகிற வழியில் ரூபவாஹினி வந்துவிட்டுப் போகும். யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பதுமில்லை. தாண்டிப் போகிற அந்த ஒரு நொடிக்குள்தான் ரிவர்ட்டன் நிலையமும், வயர் எட்டாத பண்ணை வீடும், தலைமை அஞ்சலகத்தின் 50 ரூபாய்ப் படிவமும் இருக்கின்றன.

கூரைக்கு மேலே பழைய குழாய் இன்னும் நிற்கிறது. கம்பிகள் பாதி உதிர்ந்துவிட்டன. மிச்சமிருப்பவை கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன.