காகிதக் குதிரையும் உருளைக் குதிரையும்

காஞ்சிபுரம்னு சொன்னதும் பட்டு, கோயில், இட்லி மூணும் வரிசையா ஞாபகம் வரும். தப்பில்லை. ஆனா இதே மாவட்டத்துல இருங்காட்டுக்கோட்டையில 1990-லேர்ந்து கார் பந்தயப் பாதை இருக்கு. அதே ஊர்ல 1998-லேர்ந்து ஹூண்டாய் தொழிற்சாலை ஓடுது. ஒரகடத்துல வண்டிகளைச் சோதிச்சு சான்றிதழ் கொடுக்குற மத்திய அரசு மையம் வேற. ஒரு பக்கம் தேர், இன்னொரு பக்கம் ரேஸ் கார்.

எங்க ஊர்ல பட்டுப்புடவை வாங்க வர்றவங்க விலைக்கு முன்னாடி கேக்குற கேள்வி, "ஜரிகை ஒரிஜினலா?" நல்ல ஜரிகை, சுமார் ஜரிகை ரெண்டும் கடை வெளிச்சத்துல ஒரே மாதிரிதான் மினுக்கும். உள்ளே தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவுன்னு சோதிச்சாதான் வண்டவாளம் தெரியும். இந்த நம்பிக்கைப் பிரச்சினைக்காகவே அரசு 1971-ல் தமிழ்நாடு ஜரிகை ஆலையை காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சு சங்கங்களுக்கு ஜரிகை கொடுத்துட்டு வருது.

புடவைக்கு இவ்வளவு கேள்வி கேக்குற நாம, கார் விளம்பரத்துல "150 குதிரைத்திறன்"னு போட்டா மட்டும் வாயை மூடிக்கிட்டு நம்பிடறோம். அந்தக் குதிரைகளை யார் எண்ணினாங்க? எங்க நின்னு எண்ணினாங்க? இந்த ரெண்டு கேள்விக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு மக்களே. படிக்கப் படிக்க சுவாரசியமா இருந்துச்சு, அதான் இந்தப் பதிவு.

செக்குக் குதிரை

குதிரைத்திறன்ங்கிற அளவே ஒரு விற்பனை தந்திரம்தான். 1780களில் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சின் விக்கணும். வாங்குற ஆள் அதுவரைக்கும் குதிரை வெச்சு ஆலை ஓட்டினவர். "என் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்"னு சொன்னாதான் அவருக்குப் புரியும். நம்ம ஊர் செக்கு மாடு மாதிரி, ஆலையில வட்டமா சுத்துற குதிரையை வாட் கணக்கெடுத்தார். 12 அடி ஆரம், மணிக்கு 144 சுத்து, 180 பவுண்டு இழுவிசை. பெருக்கினா நிமிஷத்துக்கு 32,572 அடி-பவுண்டு வரும். ஒரு ரவுண்டா இருக்கட்டும்னு 33,000 ஆக்கிட்டார். இன்னிக்கும் அதுதான் ஒரு குதிரைத்திறன், சுமார் 746 வாட்.

இதுலயே ஒரு குட்டிக் குழப்பம் இருக்கு. ஐரோப்பாவுல மெட்ரிக் குதிரைன்னு தனியா ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க, 735.5 வாட். அதுல 100 குதிரை, வாட் கணக்குல 98.6 குதிரைதான். நம்ம ஊர் விளம்பரங்கள்ல ரெண்டும் கலந்து கட்டி வரும். எஞ்சினைத் தொடாமலே ஒண்ணரைக் குதிரை கொசுறு!

கயிறு, தண்ணி, உருளை

எஞ்சினோட சக்தியை அளக்கணும்னா அதைத் தடுத்து நிறுத்தப் பாக்கணும். எவ்வளவு விசையால தடுக்குறோம், அப்பவும் எவ்வளவு வேகத்துல சுத்துது, ரெண்டையும் பெருக்கினா திறன். 1821-ல் பிரான்ஸ்காரர் ப்ரோனி, சுத்துற தண்டை மரக்கட்டையால இறுக்கிப் பிடிச்சு, நீட்டின கையில எடை தொங்கவிட்டு அளந்தார். மெக்கானிக்கல் படிச்சுட்டு என்னை மாதிரி கோடு அடிச்சுப் பொழைக்கிறவங்களுக்கு தெர்மல் லேப் ஞாபகம் வரணுமே. சிங்கிள் சிலிண்டர் டீசல் எஞ்சின், ஃப்ளைவீல் மேல சுத்தின கயிறு, ஒரு ஸ்ப்ரிங் தராசு, சூடாகாம இருக்க குடத்துத் தண்ணி. அந்த ரோப் பிரேக், ப்ரோனியோட கொள்ளுப்பேரன்தான். 1877-ல் வில்லியம் ஃப்ரூட் கப்பல் எஞ்சின்களை அளக்க, கட்டைக்கு பதிலா தண்ணியையே பிரேக்கா மாத்தினார்.

இதெல்லாம் எஞ்சினைத் தனியா அளக்குற வேலை. முழு வண்டியையும் நிக்க வெச்சே ஓட்டி அளக்கலாம்ங்கிற யோசனை காருக்கு முன்னாடியே ரயிலுக்கு வந்துடுச்சு. 1891-ல் அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல வில்லியம் காஸ், ஒரு முழு நீராவி ரயில் எஞ்சினை ஆய்வகத்துக்குள்ள கொண்டுவந்து அதோட சக்கரங்களை உருளைகள் மேல ஏத்தினார். சக்கரம் சுத்தும், உருளை சுத்தும், எஞ்சின் நின்ன இடத்துலயே நிக்கும். உருளையைப் பிடிச்சு நிறுத்துற பிரேக்குல அளவு. 1904-ல் இங்கிலாந்துல ஸ்விண்டன் பட்டறையிலயும் இதே ஏற்பாடு வந்துடுச்சு. கார்க்காரங்க பின்னாடி இதை எடுத்துக்கிட்டாங்க. ஆங்கிலேயர் இதுக்கு வெச்ச பேர் 'உருளும் சாலை'. நம்ம ஊர் கேரேஜ்ல கேட்டீங்கன்னா ஒரே வார்த்தை, டைனோ.

டைனோவுல ரெண்டு ஜாதி. ஒண்ணு, காந்த பிரேக்கால உருளையைப் பிடிச்சு வைக்கிறது. இன்னொண்ணு, பிரேக்கே இல்லாம கனமான உருளையை மட்டும் வெச்சு, கார் அதை எவ்வளவு சீக்கிரம் சுத்தி விடுதுன்னு பாக்குறது. ரெண்டாவதோட கணக்கு பிளஸ் டூ இயற்பியல்தான். 1000 கிலோவுக்குச் சமமான உருளைன்னு வெச்சுக்குவோம். அதை மணிக்கு 72 கிலோமீட்டர்லேர்ந்து 144 கிலோமீட்டருக்கு ஏத்த 6 லட்சம் ஜூல் வேணும். உங்க கார் இதை 8 விநாடியில செஞ்சா சராசரியா 75 கிலோவாட், அதாவது 100 குதிரை. இவ்வளவுதான் மேட்டர்.

கழட்டி வெச்சு எண்ணின காலம்

அளக்கத் தெரிஞ்சும் ஏன் தகராறு? எங்க அளக்கணும்ங்கிறதுலதான். 1971 வரைக்கும் அமெரிக்க கார் கம்பெனிகள் எஞ்சினை வெளியே எடுத்து, ஏர் ஃபில்டர் இல்லாம, ஆல்டர்னேட்டர் மாதிரி பாரம் எதுவும் இல்லாம, முழு சைலன்சர் குழாய் இல்லாம அளந்த எண்ணை விளம்பரத்துல போட்டாங்க. கல்யாணப் பொண்ணை நகையோட நிறுத்துறதுக்கு நேர் எதிரா, எல்லாத்தையும் கழட்டி வெச்ச பயில்வானோட எடை! 1972-ல் வண்டியில இருக்குற மாதிரியே எல்லாத்தையும் மாட்டி அளக்குற 'நிகர' கணக்குக்கு மாறினாங்க. காடிலாக் எல்டொராடோவோட 8.2 லிட்டர் எஞ்சின் 1971-ல் 365 குதிரை. 1972-ல் 235. எஞ்சினை யாரும் வெட்டிக் குறைக்கலை. 130 குதிரை காகிதத்துலேர்ந்து இறங்கி ஓடிடுச்சு, அவ்வளவுதான்.

உருளை மேல மாட்டினவங்க

நிகரக் கணக்கு வந்தாலும் எண்ணுறவர் கம்பெனிக்காரர்தானே? வாங்கினவர் கையில அளவுகோல் இல்லை. 1980களுக்கு அப்புறம் சின்ன கேரேஜ்கூட வாங்கி வைக்கிற மாதிரி உருளைகள் வந்ததும் நிலைமை மாறிடுச்சு.

1999 ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரைன்னு வித்தாங்க. வாங்கினவங்க உருளையில ஏத்திப் பாத்தா முந்தின வருஷத்து 305 குதிரை வண்டியைவிட பெருசா ஒண்ணும் கூடலை. சத்தம் போட்டாங்க. ஃபோர்டு அந்த ஆகஸ்ட்டுல விற்பனையை நிறுத்தி, வித்த வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, காத்து போற வழியையும் புகை போற வழியையும் மாத்திக் கொடுத்தது. ஒரு பெரிய கம்பெனியை சாதாரண வாடிக்கையாளர்கள் ஒரு இரும்பு உருளையால பணிய வெச்ச கதை இது.

2001-ல் மாஸ்டா தன்னோட மியாட்டா காருக்கு 155-ன்னு சொன்னதை 142-ன்னு திருத்திக்கிட்டு, வேண்டாம்கிறவங்க வண்டியைத் திருப்பித் தரலாம்னு சொன்னாங்க. 2002-ல் ஹூண்டாயும் அமெரிக்காவுல பத்து வருஷமா வித்த சுமார் 13 லட்சம் வண்டிகளுக்கு எண்ணைக் கூட்டிச் சொன்னதை ஒத்துக்கிட்டாங்க. (இது அமெரிக்க விற்பனை பத்தின விவகாரம், நம்ம இருங்காட்டுக்கோட்டை வண்டி இல்லை.) இந்தக் கூத்துக்கெல்லாம் பின்னாடி 2005-ல் வெளி சாட்சியை வெச்சு அளக்குற சான்றிதழ் முறை அமெரிக்காவுல வந்துச்சு.

ஜப்பான்ல கதை தலைகீழ். 1989 வாக்குல "280 குதிரைக்கு மேல யாரும் விளம்பரம் பண்ண வேண்டாம்"னு கம்பெனிகள் தங்களுக்குள்ள பேசி வெச்சிருந்தாங்க. 2004 வரைக்கும் அது ஓடிச்சு. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காகிதத்துல 280. உருளையில ஏத்தினா அதுக்கும் மேல. பரீட்சையில வேணும்னே மார்க்கைக் குறைச்சுச் சொல்ற பையனை இங்கதான் பாத்தேன் :-)

உருளையும் சும்மா இல்லை

அப்போ உருளை சொன்னா வேதவாக்கான்னா, அதுவும் இல்லை. எஞ்சின்லேர்ந்து சக்கரத்துக்கு வர்றதுக்குள்ள கியர்பாக்ஸ், அச்சு, டயர்னு ஆளுக்குக் கொஞ்சம் கமிஷன் எடுப்பாங்க. தோராயமா 15 சதவீதம்னு கேரேஜ்ல சொல்வாங்க, ஆனா அது வண்டிக்கு வண்டி மாறும். டயர்ல காத்து கம்மியா இருந்தாலே எண் இறங்கும்.

அப்புறம் நம்ம வெயில். எஞ்சின் குடிக்கிறது காத்து. சூடான, ஈரமான காத்துல ஆக்சிஜன் கம்மி. அதனால அளந்த எண்ணை 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காத்துங்கிற எஸ்ஏஇ நிலைக்கு மாத்திக் கணக்குப் போடணும். அந்த சூத்திரத்தை நான் நம்ம ஊருக்குப் போட்டுப் பாத்தேன். ஜனவரி காலை 25 டிகிரியில திருத்தமே கிட்டத்தட்ட தேவையில்லை. மே மாசம் மதியம் 40 டிகிரியில, டர்போ இல்லாத எஞ்சினுக்கு 5 சதவீதத்துக்கு மேல திருத்தம் வருது. அதே கார், அதே டிரைவர், 100 குதிரையில 5 குதிரை இருங்காட்டுக்கோட்டை வெயில்ல நிழல் தேடிப் போயிடும்.

இந்தத் திருத்தத்துலதான் விளையாட்டும் நடக்குது. பழைய எஸ்டிடி திருத்தம்னு ஒண்ணு இருக்கு (போன் பூத் இல்லீங்க!). அது குளிரான, அழுத்தமான காத்தை அடிப்படையா வெச்சது. எஸ்ஏஇ எண்ணைவிட சுமார் 4 சதவீதம் கூடக் காட்டும். என் நண்பர் ஒருத்தர் 35,000 ரூபாய் கொடுத்து காரை ட்யூன் பண்ணார். வேலைக்கு முன்னாடி 112, பின்னாடி 121. ஒன்பது குதிரை ஏறிடுச்சுன்னு பார்ட்டி கொடுத்தார். ரெண்டு ஷீட்டையும் வாங்கி மூலையில இருந்த பொடி எழுத்தைப் படிச்சேன். முதல் ஷீட் எஸ்ஏஇ, ரெண்டாவது எஸ்டிடி. 121-ஐ எஸ்ஏஇக்கு மாத்தினா 116. ஏறினது நாலு, மிச்சம் அஞ்சு பிரிண்டர்ல பொறந்தது. மனுஷன் முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

கருவிக்குக் கருவியும் மாறும். டைனோஜெட் உருளையை உருவாக்கினவங்களைப் பத்தி இந்தத் தொழில்ல திரும்பத் திரும்பச் சொல்லப்படுற ஒரு கதை உண்டு. 145 குதிரைன்னு விளம்பரமான யமஹா வி-மேக்ஸ் பைக்கை ஏத்தினப்ப வெறும் கணக்கு ரொம்பக் கம்மியா காட்டுச்சாம். யாரும் நம்ப மாட்டாங்கன்னு பயந்து, நியாயமாத் தோணின ஒரு எண்ணுக்கு அளவுகோலைச் சரி பண்ணாங்களாம். கதையோட விவரம் எப்படியோ, ஒரு கருவி எண்ணை இன்னொரு கருவி எண்ணோட ஒப்பிடக் கூடாதுங்கிற பாடம் மட்டும் நிஜம்.

உருளை மேல நிக்கிறோம்னு காருக்கே தெரிஞ்சுட்டா? 2015-ல் மாட்டின ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள் அதைத்தான் செஞ்சது. ஸ்டியரிங் திரும்பாம சக்கரம் மட்டும் சுத்துறதை எல்லாம் கவனிச்சு, "இது பரீட்சை"ன்னு மென்பொருள் கண்டுபிடிச்சு நல்ல பிள்ளையா நடந்துக்கும். ரோட்டுக்கு வந்ததும் அனுமதிச்ச அளவைப் போல பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு. அந்தக் கோடை எழுதினதும் நம்ம ஜாதிக்காரன்தான்ங்கிறது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

ஒரகடத்துல

இந்தியாவுல ஒரு புது மாடல் ரோட்டுக்கு வரணும்னா மோட்டார் வாகன விதி 126-ன்படி அங்கீகாரம் பெற்ற மையத்துல சோதனை ஆகணும். மத்திய அரசோட நேட்ரிப் திட்டத்துல ஒரகடத்துல வந்த குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் அதுல ஒண்ணு. அங்கயும் உருளை இருக்கு. ஆனா அதோட முக்கிய வேலை பெருமை பேச குதிரை எண்ணுறது இல்லை. குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி காரை ஓட்டி, வர்ற புகையைப் பிடிச்சு அளக்குறது. திறனோட அதிகாரப்பூர்வ எண் எஞ்சினைத் தனியா சோதிச்ச நிகரக் கணக்கு. அதாவது ஷோரூம் எண் எஞ்சின் தண்டுல அளந்தது, கேரேஜ் எண் சக்கரத்துல அளந்தது. ரெண்டும் உண்மையா இருந்துக்கிட்டே வேற வேறயா இருக்க முடியும். இது புரியாமதான் பாதி சண்டை.

வரலாறு முழுக்கப் பாத்தா அளக்குற இடம் கொஞ்சம் கொஞ்சமா எஞ்சின்லேர்ந்து ரோட்டுப் பக்கம் நகர்ந்து வந்திருக்கு. ஒவ்வொரு தடவை நகர்ந்தப்பவும் எண் சிறுத்திருக்கு, வாங்குறவர் கை கொஞ்சம் ஓங்கியிருக்கு.

அதனால யாராவது குதிரை எண்ணைச் சொன்னா நாலே கேள்வி கேளுங்க. எஞ்சின்லயா, சக்கரத்துலயா? எந்தக் குதிரை, வாட்டா மெட்ரிக்கா? எந்தத் திருத்தம்? முன்னும் பின்னும் ஒரே கருவியா? ஜரிகைக்கு ஒரு கேள்வி கேக்குற ஊர்க்காரங்க, பத்து லட்ச ரூபா காருக்கு நாலு கேள்வி கேக்கலாம். கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

டிஸ்கி: மே மாசத்துல டைனோ ஷீட் வாங்கினவங்க அதை வெளியில எடுத்து மூலையில இருக்குற பொடி எழுத்தைப் பாருங்க. என்ன போட்டிருக்குன்னு பின்னூட்டத்துல சொன்னீங்கன்னா கணக்குப் போட்டுப் பாத்துடலாம்.