ஆஸ்பத்திரிக் கணக்கு

நோயாளிகளைப் பற்றி ஏட்டில் குறித்து வைக்கும் வழக்கம் புராதனமானது. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் ஏட்டை மற்றோர் ஆஸ்பத்திரியின் ஏட்டோடு ஒப்பு நோக்குவதற்கு ஏற்றவாறு, எல்லோரும் ஒரே முறையில் குறிக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில்தான். அதற்கு ஒரு யுத்தமே நிமித்தமாயிற்று.

கிரிமியா யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், ஸ்கூட்டாரியிலிருந்த பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தாதியர் சிலரோடு வந்து சேர்ந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே மாண்ட சிப்பாய்களின் தொகையை மூன்று பதிவேடுகள் மூன்று விதமாகச் சொல்லக் கண்டார். அடக்கம் செய்தவர்களின் கணக்கு ஒன்று, வைத்திய அதிகாரிகளின் கணக்கு ஒன்று, படை அலுவலகத்தின் கணக்கு ஒன்று; புதைகுழிக்குப் போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் வைத்தியர்களின் ஏட்டில் இடம்பெறவேயில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே நிச்சயமில்லாத இடத்தில், எதனால் இறந்தார்கள் என்று விசாரிப்பது எங்ஙனம்?

தாய்நாடு திரும்பிய அவருக்கு உற்ற துணையாக வாய்த்தவர், இங்கிலாந்தின் ஜனன மரணப் பதிவு அலுவலகத்துப் புள்ளிவிவர நிபுணர் வில்லியம் ஃபார். ஒரே வியாதிக்குப் பல பெயர்களும், பல வியாதிகளுக்கு ஒரே பெயரும் வழங்குவதால் விளையும் குழப்பத்தை 1839இலேயே எடுத்துக் காட்டியவர் அவர். 1860இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மகாநாட்டின் முன் நைட்டிங்கேல் சமர்ப்பித்த திட்டம், எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவான படிவங்களை வகுத்தது. வருஷத் தொடக்கத்தில் இருந்தவர்கள், வருஷத்தில் சேர்ந்தவர்கள், குணமடைந்தோ சற்றுத் தேறியோ சென்றவர்கள், தீராத நோயோடோ தாமே விரும்பியோ வெளியேறியவர்கள், இறந்தவர்கள், வருஷ முடிவில் எஞ்சியவர்கள், சராசரியாக அவர்கள் தங்கிய நாட்கள் ஆகிய ஏழு விவரங்களையும், நோய்வாரியாகவும், வயதுவாரியாகவும், ஆண் பெண் என்று பிரித்தும் எழுதவேண்டும் என்பது அதன் சாரம்.

லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகள் சில இம்முறையைப் பரீட்சித்துப் பார்த்தன. ஆயினும், அத்தனை கட்டங்களையும் நிரப்பும் பிரயாசையும் செலவும் ஒருபுறம் இருக்க, நோய்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதில் வைத்தியர்களிடையே ஒருமனப்பாடு ஏற்படாததால், திட்டம் நிலைபெறவில்லை.

படிவத்தை வகுத்தவருக்கே கணக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1863இல் வெளிவந்த தமது ஆஸ்பத்திரி நூலின் புதிய பதிப்பில், லண்டனின் 24 ஆஸ்பத்திரிகளில் மரண விகிதம் நூற்றுக்குத் தொண்ணூறு என்று, ஃபாரின் கணக்கை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதியபோது, வைத்திய உலகம் கொதித்தெழுந்தது. வருஷம் முழுவதும் இறந்தவர்களின் தொகையை, 1861 ஏப்ரல் 8ஆம் தேதி ஒரே நாளில் படுக்கையில் இருந்தவர்களின் தொகையால் வகுத்ததனால் வந்த விகிதம் அது. சத்திரத்தில் ஓரிரவு தங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஆண்டு முழுவதும் ஆன சாப்பாட்டுச் செலவை அவர்கள் தலையில் கட்டுவதற்கு ஒப்பானது அது. அவரது படிவத்திலேயே உள்ள சேர்க்கைத் தொகையால் வகுத்திருந்தால் விகிதம் பல மடங்கு குறைந்திருக்கும். ஒரே படிவத்தை எல்லோரும் நிரப்பினாலும் போதாது. எதை எதனால் வகுப்பது என்பதிலும் சம்மதம் வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

நோய்ப் பெயர்களில் ஒருமைப்பாடு இன்னும் மெதுவாகவே வந்தது. 1869இல் லண்டன் ராயல் வைத்தியக் கல்லூரி ஒரு நாமாவளியை வெளியிட்டது. 1893இல் சிகாகோவில், பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்த்தியோனின் மரண காரணப் பட்டியலைச் சர்வதேசப் புள்ளிவிவரக் கழகம் ஏற்றது. 1948இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்த ஆறாவது திருத்தத்தில்தான், மரணத்தோடு நில்லாமல், உயிரோடிருப்போரின் பிணிகளுக்கும் அப்பட்டியல் இடமளித்தது. சவத்தைப் பற்றி உடன்பட்ட தேசங்கள் நோயாளியைப் பற்றி உடன்பட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இறந்தவர் ஒரே ஒரு முறைதான் கணக்கில் ஏறுகிறார்; பிழைத்தவரோ மீண்டும் மீண்டும், வெவ்வேறு வியாதியோடு, வெவ்வேறு வாசலில் வந்து நிற்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், அத்தாமதத்தின் காரணம் விளங்கும்.