காவலர் மனத்துச் சந்தேகம்

துப்பறியும் கதை மேனாட்டுச் சரக்கு, ரெயிலோடும் தந்தியோடும் கூடவே கப்பலேறி வந்தது என்று சொல்லுவோர் நம்மில் பலர். கதையின் அமைப்பைப் பற்றி மட்டும் பேசினால் அது மெய்தான். ஆனால், பிடிபட்டவன் குற்றவாளிதானா என்று பிடிக்கப் போனவனுக்கே உள்ளூர எழும் சந்தேகம் இருக்கிறதே, அது தமிழ் இலக்கியத்தில் எந்தக் கப்பலுக்கும் காத்திருக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்துக்கும் சோழிங்கநல்லூருக்கும் இடைப்பட்ட பெரும்பாக்கத்தில், 2022 ஜனவரி 12-ஆம் நாள் புதிய கட்டடம் திறக்கப்பெற்ற செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தன் ஆராய்ச்சிக்குரியவையாக வரையறுத்துக்கொண்ட 41 பழைய நூல்களுள் சிலப்பதிகாரமும் ஒன்று. அதன் கொலைக்களக் காதையைப் புரட்டினாலே போதும்.

பாண்டியன் ஆணையைச் சிரமேற்கொண்டு பொற்கொல்லனுடன் வந்த காவலர்கள், அரசியின் சிலம்பைத் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட கோவலனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அங்க லக்ஷணங்களை நோக்கினால் இவன் கொல்லத் தக்கவனாகத் தோன்றவில்லையே என்று வாய்விட்டும் சொல்லிவிடுகிறார்கள். பொற்கொல்லன் நகைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டையும் ஒரு சாஸ்திரி பாடம் நடத்துவதுபோல விரித்துரைத்து, அரண்மனைக்குள் புகுந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மாயமாய் மறைந்த கள்வன் ஒருவன் கதையையும் சேர்த்துவிடுகிறான். உடனே காவலருள் இளைஞன் ஒருவனுக்குத் தன் அநுபவம் நினைவுக்கு வந்துவிடுகிறது: மாரிக்காலத்து நள்ளிருளில், கருநீல உடையும் கையில் உளியுமாய் எதிர்ப்பட்ட திருடன்மேல் தான் வாளை உருவ, அந்த வாளையே பறித்துக்கொண்டு அவன் போன இடம் தெரியாமல் போய்விட்டானாம். ஆகையால் செய்வது என்ன என்று யோசித்துச் சொல்லுங்கள் என்கிறான் அவன். யோசனை முடிவதற்குள், கல்வியறிவில்லாத குடிவெறியன் ஒருவன் கைவாளை வீசிவிடுகிறான்.

ஆராயாது ஆணையிட்ட அரசனைப் பற்றிப் புலவர்கள் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ அந்தக் காவலர்கள்மேல்தான் கண் போகிறது. அவர்களுடைய சந்தேகம் சரியானது, காரணம்தான் தவறானது. முகக்களையைக் கண்டு ஒருவனை நிரபராதி என்று நினைத்தவர்களைத் திருடர் கதை ஒன்றிரண்டு சொல்லி மாற்றிவிட முடிந்தது. சிலம்பு யாருடையது, அதற்கு இணைச் சிலம்பு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அந்தச் சந்தேகத்தை எங்கே கொண்டுபோய்ச் சமர்ப்பிப்பது என்பதற்கு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட வழியை எழுத்தில் வகுத்தது 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம். போலீஸ் உத்தியோகஸ்தரிடம் ஒருவன் செய்த ஒப்புதலை அவனுக்கு விரோதமாக ருஜுப்படுத்தக் கூடாது என்ற அதன் 25-ஆம் பிரிவு, காவலரின் நிச்சயத்தின்மேல் சர்க்காரே சந்தேகம் கொண்டிருந்ததற்கு அத்தாட்சி. அதற்கு 22 வருஷம் பின்னால், 1894-இல், கல்வெட்டாராய்ச்சியிலும் ஈடுபட்டிருந்த பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனைக் கதாநாயகனாக்கித் தமிழில் முதல் துப்பறியும் நூலை வெளியிட்டார். 1908-இல் வந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பா’ளிலோ, காதலன் கோபாலன் மீதே கொலைப்பழி விழ, அவனைக் கழுமரத்திலிருந்து இறக்கியே தீருவது என்பதுபோலத் துப்பறியும் கோவிந்தன் புறப்படுகிறார். இத்தகைய பழைய நாவல்கள், பெரும்பாக்கத்துக்கு அதிக தூரமில்லாத தரமணியில், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரத்தால் உருவான ஆராய்ச்சி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்துக் கதைகளில் நான் காணும் குறை ஒன்று உண்டு: துப்பறிபவருக்கு அந்தரங்கச் சந்தேகம் என்பதே கிடையாது. கதாநாயகன் குற்றமற்றவன் என்பது அவருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே தெரியாது. தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் படைத்த சாம்பு, இந்த நிச்சயத்தைப் பரிகாசம் செய்ய வந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் சந்தேகம் தப்பாகவே போகும், குற்றவாளி மட்டும் எப்படியோ அகப்பட்டுவிடுவான்.

சாம்புவை ஜனங்கள் ரசித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, கதையல்லாத கொலைவழக்கொன்று சென்னையைக் கலக்கியது. சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பத்திரிகை நடத்திய லக்ஷ்மிகாந்தன், 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் மாண்டான். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சதிக்குற்றம் சாட்டப்பெற்றனர். 1945-இல், ஜூரிகளில் பெரும்பான்மையோர் குற்றவாளிகள் என்று சொல்ல, இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளிவிட்டது. கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குத் திரும்பிவந்த பிறகே, 1947 ஏப்ரலில், அரசாங்கத் தரப்புச் சாட்சியங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று இருவரும் விடுவிக்கப்பட்டனர். பாண்டியனின் காவலர்கள் சொல்லிக் கைவிட்ட அதே சந்தேகம், இம்முறை தக்க பீடத்தை எட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குள் பாகவதரின் திரையுலகச் சாம்ராஜ்யம் சரிந்துவிட்டது. கொன்றவர் யார் என்பதை எந்தக் கோவிந்தனும் வந்து சொல்லவில்லை.

1968-இல் குமுதத்தில் வந்த சுஜாதாவின் ‘நைலான் கயி’ற்றில் கணேஷ் அறிமுகமானபோது, துப்பறியும் தொழிலே இடம் மாறிவிட்டது. அவன் போலீஸ்காரனல்லன், தனியார் துப்பறிபவனுமல்லன்; வக்கீல். பழைய துப்பறிபவர் பிடிபட்டவனின் குற்றத்தைச் சந்தேகித்தார். வக்கீலோ தன் கட்சிக்காரனின் நிரபராதித்துவத்தைச் சந்தேகிக்க நேரிடும். அந்தச் சந்தேகத்தை ஊட்டும்படி கட்சிக்காரன் தன்னிடம் ரகசியமாகச் சொன்னதை அவன் சம்மதமின்றி வெளியிடலாகாது என்று வக்கீலை அந்நாளில் தடுத்ததும் அதே 1872-ஆம் வருஷத்துச் சட்டந்தான், 126-ஆம் பிரிவு.