தூத்துக்குடி எத்தனை எழுத்து?

பணி ஓய்வுக்குப் பின் பேரனிடம் சி மொழி கற்றுக்கொண்டேன். டெர்மினல் என்னும் கருந்திரையில் நம் ஊர்ப்பெயரை எழுத வைத்தேன். வந்ததெல்லாம் கேள்விக்குறிதான்.

நம் முத்துக்குளித்துறையில், புன்னைக்காயலில் தொண்டாற்றிய அண்ட்ரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடத் தமிழ் எழுத்துகளைப் புதிதாக வார்க்க வேண்டியிருந்தது. கணினியிலும் அதே கதைதான். ஆஸ்கியின் 128 இடங்களில் தமிழ் இல்லை. 1991-ல் யூனிகோடு இடம் தந்தது.

நிரலின் தொடக்கத்தில் செட்லொகேல் கட்டளை சேர்த்து, வைட் கேரக்டராக எழுதியதும் தமிழ் வந்தது. ஆனால் நமக்கு 6 எழுத்து; யூனிகோடில் 12 குறி; யூடிஎஃப்-8-ல் 36 பைட். கருந்திரையோ ஆங்கில எழுத்துக்கு அளந்த சம கட்டங்கள். அதில் ‘தூ’ நெரிபட்டது.

“ஆங்கிலத்திலேயே எழுதிடலாம் தாத்தா” என்றான் பேரன். நான் விடவில்லை. இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.