தொழிற்சங்க அங்கீகாரம்

தொழிலாளர்கள் அமைத்துக்கொண்ட சங்கத்தை, அவர்கள் சார்பில் பேசும் உரிமை பெற்ற அமைப்பாக நிர்வாகம் ஏற்றுக்கொள்வதே தொழிற்சங்க அங்கீகாரம். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவுச் சான்றை அரசின் பதிவாளர் தருகிறார். அங்கீகாரத்தை முதலாளி தர வேண்டும். சான்று கையில் இருந்தும் பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைக்காத சங்கங்கள் இந்தியாவில் ஏராளம். கூலி, வேலைநேரம், போனஸ் என்று எந்தக் கோரிக்கையில் தகராறு தொடங்கினாலும், அது முற்றும்போது 'உங்கள் சார்பில் பேச இவர்கள் யார்?' என்ற கேள்வியில் வந்து நிற்பது வழக்கம். இந்தக் கேள்வி இந்தியாவில் முழு அளவில் வெடித்த முதல் இடம் சென்னை பெரம்பூர்.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுத்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் படைகளுக்குக் காக்கித் துணி நெய்து நல்ல லாபம் ஈட்டின. அங்கே நண்பகல் இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் தறியை விட்டு வெளியே வந்து, கைகழுவி, கொண்டுவந்த சோற்றை உண்டு, மறுபடி வாயிலுக்குள் நுழைந்துவிட வேண்டும். பிந்தினால் கதவு சாத்தப்படும். அரைநாள் கூலி போகும். அந்தப் பகுதியில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடுவும் இந்தக் குறைகளைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல் பி. பி. வாடியாவிடம் போனார்கள். வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி, பிரம்மஞான சபைக்காரர், அன்னி பெசன்ட் அம்மையாரோடு சேர்த்து 1917இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டவர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவர் ஆனார். உறுப்பினர், சந்தா, நிர்வாகிகள் என்று முறையாக அமைந்த முதல் இந்தியத் தொழிற்சங்கமாகப் பொதுவாகக் கருதப்படுவது இதுதான். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, அது தமிழாக்கிச் சொல்லப்பட்டது. அப்போது 'தேசபக்தன்' இதழின் ஆசிரியராக இருந்த திரு. வி. கலியாணசுந்தரனாரின் தமிழ், பெரம்பூர்க் கூட்டங்களைக் கட்டிப்போட்டது.

நிர்வாகம் சொன்ன பதில் இன்றுவரை பழசாகவில்லை: 'எங்கள் தொழிலாளர்களோடு நேரில் பேசத் தயார், வெளியாட்களோடு பேசமாட்டோம்.' கேட்பதற்கு நியாயம்போலவே இருக்கும். ஆனால் மறுநாளே வேலையை விட்டு நீக்கப்படக்கூடிய நெசவாளி ஒருவன், வெள்ளைக்கார மேலாளர் எதிரே தனியாக நின்று என்ன பேசிவிட முடியும்? வெளியாளுக்கு வேலை போகும் என்ற பயம் இல்லை. தொழிலாளர்கள் அவரைத் தேடிப் போனதற்கும், நிர்வாகம் அவரைக் கண்டு எரிச்சல்பட்டதற்கும் காரணம் ஒன்றே.

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலை மூடப்பட்டுக் கதவடைப்பு நீண்டது. டிசம்பர் 9 அன்று, போலீஸ் காவலோடு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டிகளைத் தொழிலாளர்கள் மறிக்க, துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப்பலி நேர்ந்தது. இதற்கிடையே நிறுவனம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலானோர்மீது வழக்குத் தொடுத்து, 75,000 ரூபாய் இழப்பீடு கேட்டது. நீதிமன்றம் தலைவர்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஊர் ஊராகப் பேசிச் சங்கம் கட்டியவர்கள், பேசினால் குற்றம் என்ற நிலைக்கு வந்தார்கள்.

இந்த வழக்கின் அநீதி எவ்வளவு என்று பார்க்க இங்கிலாந்தின் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நட்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் 23,000 பவுன் கட்டும்படி ஆயிற்று. தொழிலாளர்கள் கொதித்தெழுந்து தேர்தலில் பதில் சொன்னார்கள். 1906இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டம் செய்து அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. தாய்நாட்டில் முதலாளிகளிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த ஆயுதத்தைத்தான் பதினான்கு ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கிலேய நிறுவனம் சென்னையில் எடுத்து வீசியது. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இந்தியத் தொழிலாளிக்கு நீளவில்லை. முடிவில் சமரசம் ஏற்பட்டது: வாடியா சங்கத்திலிருந்து விலகிக்கொண்டார், நிறுவனம் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது.

சில மாதங்களிலேயே, 1921 மே மாதம், கர்நாடிக் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கிப் பக்கிங்ஹாமுக்கும் பரவியது. இம்முறை பிளவு உள்ளிருந்து வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இரு பக்கமும் தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள். ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியே இதில் இரண்டுபட்டு நின்றது. ஆதிதிராவிடத் தலைவர் எம். சி. ராஜா தம் மக்களின் பக்கம் உறுதியாக நின்றார். இந்தத் தொழிலாளர்களைக் கருங்காலிகள் என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்கித் தள்ளுவது அநியாயம். கையில் சேமிப்பில்லை, கைகொடுக்க உறவில் வசதியானவர் இல்லை, மாதக்கணக்கில் கூலியில்லாமல் இருப்பது அவர்களுக்குப் பட்டினி. சேரியில் இருப்பவனுக்கும் மற்றவனுக்கும் வேலைநிறுத்தம் ஒரே அளவில் வலிக்காது என்பதைச் சங்கம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். 'உங்கள் சார்பில் பேச இவர்கள் யார்?' என்ற கேள்வி நிர்வாகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை; ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சங்கத்தை நோக்கி அதைக் கேட்டார்கள், அதற்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. ஏறத்தாழ ஆறு மாதப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. அதன்பின் ஆலைக்குள் நிர்வாகத்தின் நிழலிலேயே நலக் குழு ஒன்று அமைந்தது.

பின்னி வழக்கு வேறொரு வழியில் பலன் தந்தது. 1921 மார்ச்சில் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அப்போதைய சட்டம். 17, 18ஆம் பிரிவுகள் சதி வழக்கிலிருந்தும் பின்னி தொடுத்தது போன்ற உரிமையியல் வழக்கிலிருந்தும் நிர்வாகிகளைக் காத்தன. நிர்வாகிகளில் பாதிப் பேர்வரை வெளியாட்களாக இருக்கலாம் என்றும் சட்டம் சொன்னது. வாடியாவை விரட்டிய வாதத்துக்கு இது நேரான மறுப்பு. ஆனால் பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த வரியைச் சேர்க்க ஒருமுறை முயன்றார்கள். 1947இல் திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது: தகுதியுள்ள சங்கத்தை அங்கீகரிக்கும்படி தொழிலாளர் நீதிமன்றம் உத்தரவிடலாம். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் தொழிலாளிக்கு எழுதப்பட்ட இந்த வாக்குறுதி, நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்கும் அரசாணை வெளிவராமலே கிடந்து செத்தது. பிறகு 1958இல், அங்கீகாரத்துக்கான நெறிகளையும் கொண்ட ஒழுங்கு விதித் தொகுப்பு என்ற ஒன்று வந்தது. அதை மீறினால் தண்டனை கிடையாது, மீறப்பட்டது. மகாராஷ்டிரம் 1971இல் தனிச் சட்டம் செய்து அங்கீகாரத்துக்கு வழி வகுத்தது. தமிழ்நாடு செய்யவில்லை. உச்ச நீதிமன்றம் 1961இல், சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமைக்குள் கூட்டுப்பேர உரிமையோ வேலைநிறுத்த உரிமையோ அடங்காது என்று தீர்ப்பளித்தது. 2003இல் வேலைநிறுத்தத்துக்காகத் தமிழக அரசு ஊழியர்கள் லட்சக்கணக்கில் நீக்கப்பட்டபோது வந்த தீர்ப்பு, அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் தார்மீகப்படியும் உரிமை இல்லை என்றது. சங்க உரிமை, கூட்டுப்பேரம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்கவில்லை.

முதலாளிகள் தரப்பில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி உண்மைதான். ஒரே ஆலையில் கட்சிக்கு ஒன்றாக நான்கைந்து சங்கங்கள் இருந்தால், எவரோடு ஒப்பந்தம் போடுவது? ஒருவர் கையெழுத்திட்டதை மற்றவர் மறுநாள் வாயிற்கூட்டத்தில் கிழித்தெறிவார். அதற்கு மருந்து இரகசிய வாக்கெடுப்பு என்று பல தொழிற்சங்கத் தலைவர்களே நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். பெரும்பான்மை யாருக்கு என்று எண்ணிப் பார்க்க முன்வராமல், சங்கங்கள் பல என்பதையே காரணம் காட்டிப் பேச மறுப்பது நேர்மையாகாது.

2024 செப்டம்பர் 9 அன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. முதல் கோரிக்கை, சி.ஐ.டி.யு. என்ற தொழிற்சங்க மையத்தைச் சார்ந்த தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். ஊழியர்களோடு நேரடியாகப் பேசத் தயார் என்றது நிர்வாகம். இடையில் ஆலைக்குள் இருந்த வேறொரு குழுவோடு உடன்பாடு கையெழுத்தாயிற்று, போராடியவர்கள் ஏற்கவில்லை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வருவதற்கும் ஆட்சேபம் எழுந்தது. வழக்குக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. பெரம்பூர் நலக் குழுவுக்கும் சாம்சங் உடன்பாட்டுக் குழுவுக்கும் இடையே நூறாண்டு, உத்தி மாறவில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. பேரம் பேசும் சங்கம் என்ற ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் முதன்முறையாகக் கொண்டுவந்தது இது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் குறைந்தது 51 விழுக்காட்டினரின் ஆதரவுள்ள சங்கமே அந்த இடத்தைப் பெறும்; அப்படி எதுவும் இல்லையென்றால், குறைந்தது 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட மன்றம் அமையும். கூடவே, எந்தத் தொழிலிலும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில்தான் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தாலும், அந்த 51 விழுக்காட்டுக் கணக்கில் அவர் வருவதில்லை.