டொரென்ட்: கரைவலையும் கள்ளச்சாவியும்

இன்னைக்கு எபிசோட் டொரென்ட்டோட வரலாறு. எந்த சாஃப்ட்வேரை எடுக்கறது, எதுலயும் மாட்டிக்காம எப்படி இறக்குறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி எங்க ஊர் மீமிசலுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்க.

கிழக்குக் கடற்கரைச் சாலையில மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் தாண்டி, தொண்டிக்கு முன்னாடி வர்ற ஊர். புதுக்கோட்டை மாவட்டம்னு சொன்னா, "அங்க கடல் இருக்கா?"ன்னு சென்னையில கேப்பாங்க. இருக்கு. வெளிநாட்டுல ஆள் இல்லாத வீடு எங்க பக்கம் குறைவு. எங்க அத்தா ரியாத்துல இருந்தார். 2019 நவம்பர்ல எங்க லாத்தாவுக்கு நிக்காஹ். அத்தாவுக்கு லீவு கிடைக்கல. அதனால கல்யாணப் படங்களை நானே ஆல்பமா செஞ்சு, அவர் ஊருக்கு வர்றப்ப கையில கொடுக்கணும்னு எனக்கு ஒரு ஆசை.

போட்டோ எடுத்தவர் ஆயிரத்துச் சொச்சம் படத்தைப் பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தார். லேப்டாப்ல ஏத்திக்கிட்டு, பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஆல்பம் செய்ய ஒரு சாஃப்ட்வேர் தேவைப்பட்டுச்சு. காசு கொடுத்து வாங்கணும்ங்குற எண்ணமே வரல. டிசம்பர்ல ஒரு ராத்திரி, டொரென்ட்ல கிராக் பண்ணின காப்பி ஒண்ணை இறக்கினேன். கூடவே ஒரு குறிப்பு இருந்துச்சு: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை அணைச்சிடுங்க. அணைச்சேன். என் கையாலேயே.

கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு படத்தோட பேருக்குப் பின்னாலயும் புதுசா ஒரு வால் முளைச்சிருந்துச்சு. எதுவும் திறக்கல. எல்லா ஃபோல்டர்லயும் 'ரீட்மீ'ன்னு ஒரு கடிதம். உங்க ஃபைல்களைப் பூட்டிட்டோம், சாவி வேணும்னா 980 டாலர். 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி விலை, 490 டாலர். அன்னைய மதிப்புல 35,000 ரூபாய்க்குப் பக்கம்.

இந்த இடத்துல நிறுத்திட்டு, 20 வருஷம் பின்னாடி போவோம். என்னை ஏமாத்துனது டொரென்ட்டா, இல்ல வேற எதுவுமான்னு தெரிஞ்சுக்க அந்தக் கதை வேணும்.

எல்லாரும் சேர்ந்து இழுக்குற வலை

1999ல நாப்ஸ்டர் வந்துச்சு. பாட்டெல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்லதான் இருக்கும். யார்கிட்ட எந்தப் பாட்டு இருக்குங்குற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரோட சர்வர்ல இருக்கும். இசைக் கம்பெனிகள் வழக்குப் போட்டாங்க. 2001 ஜூலையில அந்த சர்வர் நின்னதும் மொத்தமும் நின்னுபோச்சு.

அதே 2001 ஜூலையில, அமெரிக்காவைச் சேர்ந்த பிராம் கோஹன் என்ற புரோகிராமர் பிட்டொரென்ட்டை வெளியிட்டார். அவர் தீர்க்க நினைச்ச சிக்கல் வேற. ஒரு பெரிய ஃபைலை ஒரே சர்வர்ல வெச்சா, கேக்குற ஆள் கூடக்கூட சர்வர் திணறும். அவர் இதைத் தலைகீழா மாத்தினார். ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டா பிரிச்சார். ஒரு துண்டு உங்க கைக்கு வந்ததுமே அதை அடுத்தவருக்கு நீங்க கொடுக்க ஆரம்பிச்சிடுவீங்க. ஆள் கூடினா வேகம் குறையாது, கூடும்.

எங்க கடற்கரையில கரைவலை இழுக்குறதைப் பார்த்திருந்தா இது உடனே புரியும். ஒருத்தரால அந்த வலையைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கயிறு பிடிக்கணும். பிடிச்சவங்களுக்குப் பங்கு உண்டு. டொரென்ட்ல முழு ஃபைலையும் வெச்சுக்கிட்டு மத்தவங்களுக்குக் கொடுக்கிறவர் 'சீடர்'. கயிறே பிடிக்காம மீனை மட்டும் அள்ளிட்டுப் போறவரை 'லீச்சர்'னு திட்டுவாங்க. லீச்னா அட்டை.

முன்பின் தெரியாத நூறு பேர்கிட்ட இருந்து வர்ற துண்டுகளை எப்படி நம்புறது? அதுக்கும் கோஹன் வழி வெச்சார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு 'ஹாஷ்', அதாவது கைரேகை மாதிரி ஒரு எண், டொரென்ட் ஃபைலுக்குள்ளேயே எழுதியிருக்கும். வந்த துண்டோட கைரேகை பொருந்தலைன்னா சாஃப்ட்வேர் அதைத் தூக்கிப் போட்டுட்டு, வேற ஆள்கிட்ட மறுபடி கேக்கும்.

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தை நினைவுல வெச்சுக்கணும்னா, இதுதான். முதல்ல போட்டவர் எதைப் போட்டாரோ, அதேதான் உங்களுக்கு வந்திருக்குன்னு ஹாஷ் உறுதி சொல்லும். போட்டவர் யோக்கியரான்னு அதுக்குத் தெரியாது. அவர் விஷத்தைப் போட்டிருந்தா, ஒரு சொட்டு சிந்தாம விஷத்தையே கொண்டுவந்து சேர்க்கும்.

சென்னையில ஒரு உத்தரவு

இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டுல நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு முக்கியமான கதை 2012ல நடந்துச்சு. 'கொலைவெறி' பாட்டால உலகம் முழுக்கப் பேசப்பட்ட '3' படம் அந்த மார்ச்ல ரிலீஸ். திருட்டுக் காப்பியைத் தடுக்கச் சொல்லி, படத்தைத் தயாரிச்ச கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. யார் திருடுவாங்கன்னு முன்கூட்டியே தெரியாதே? அதனால பேர் தெரியாத எதிராளிக்கு எதிரா உத்தரவு வாங்குவாங்க. வெளிநாட்டுல அந்த ஆளுக்கு 'ஜான் டோ'ன்னு பேர். இந்தியாவுல வெச்ச பேர் 'அசோக் குமார்'.

அந்த உத்தரவைக் காட்டி, மே மாசம் இன்டர்நெட் கம்பெனிகள் பைரேட் பேயை மட்டும் மூடல. விமியோ, பேஸ்ட்பின் மாதிரி நல்ல வேலைக்குப் பயன்படுற தளங்களையும் முழுசா மூடிட்டாங்க. ஜூன் 9ந் தேதி பல நகரங்கள்ல முகமூடி போட்டுக்கிட்டு இளைஞர்கள் தெருவுல இறங்கினாங்க. ஜூன்லயே நீதிமன்றம் விளக்கம் கொடுத்துச்சு: முழுத் தளத்தையும் மூடக் கூடாது, புகார் சொன்ன குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் மூடணும்.

நான் அப்ப பிளஸ் ஒன். எனக்கு அதுல தெரிஞ்சது ஒண்ணுதான்: ஒரு முகவரி மூடினா, அதே பேர்ல நாலு புது முகவரி முளைக்கும். எது அசல், எது போலின்னு பார்க்குற பழக்கமே எங்களுக்குப் போயிடுச்சு. கிடைச்ச கதவைத் தட்டுவோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்குங்க. டொரென்ட் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறது குற்றம் இல்ல. காப்புரிமை உள்ளதை அனுமதி இல்லாம பகிர்றதுதான் பிரச்சினை. காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவுல 6 மாசம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கு. 2023ல சினிமாட்டோகிராப் சட்டத்தைத் திருத்தி, படத் திருட்டுக்கான அபராதத்தை 3 லட்சத்துல ஆரம்பிச்சு, தயாரிப்புச் செலவுல 5 சதவீதம் வரை போற மாதிரி ஆக்கினாங்க. "நான் பார்க்கத்தானே இறக்கினேன்"னு சொல்ல முடியாது. டொரென்ட்ல இறக்குறப்பவே நீங்க அடுத்தவருக்குக் கொடுத்துக்கிட்டும் இருக்கீங்க. உங்க ஐபி முகவரி அந்தக் கூட்டத்துல இருக்குற எல்லாருக்கும் தெரியும்.

சாஃப்ட்வேர் கைமாறின கதை

இப்ப எந்த சாஃப்ட்வேர்ங்குற கேள்விக்கு வருவோம். 2005ல சுவீடன்காரர் லுட்விக் ஸ்ட்ரீகியஸ் யூடொரென்ட்டை வெளியிட்டார். குட்டியூண்டு சைஸ். பழைய கம்ப்யூட்டர்லகூட மூச்சு வாங்காம ஓடும். 2006 டிசம்பர்ல அதை கோஹனோட பிட்டொரென்ட் கம்பெனி வாங்குச்சு. ஸ்ட்ரீகியஸ் ஸ்பாட்டிஃபை போனார். உங்கள்ல பல பேர் இந்த எபிசோடைக் கேக்குற அதே ஸ்பாட்டிஃபைதான். அதுவும் ஆரம்பத்துல இதே மாதிரி கேக்குறவங்க கம்ப்யூட்டர்ல இருந்து பாட்டுத் துண்டுகளை வாங்கித்தான் ஓடுச்சு. 2014லதான் நிறுத்தினாங்க.

இலவசமா கொடுக்குற கம்பெனி எங்கிருந்து சம்பாதிக்கும்? யூடொரென்ட்ல விளம்பரம் வந்துச்சு. இன்ஸ்டால் பண்றப்ப கூட ஒட்டிக்கிட்டு வேற சாஃப்ட்வேர்களும் வந்துச்சு. 2015 மார்ச்ல, கிரிப்டோ நாணயம் தோண்டுற 'எபிக் ஸ்கேல்'னு ஒண்ணு தங்களுக்குத் தெரியாமலேயே ஏறிடுச்சுன்னு பயனர்கள் கொதிச்சாங்க. அனுமதி கேட்டுத்தான் போட்டோம்னு கம்பெனி சொல்லுச்சு. பிறகு அதைச் சேர்க்குறதை நிறுத்திட்டாங்க. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு கண்ணை மூடிக்கிட்டு அழுத்துற நம்ம பழக்கம்தான் அங்க விலை போச்சு.

இன்னொரு பக்கம், 2006ல பிரான்ஸ்ல கிறிஸ்டோப் துமே என்ற மாணவர் கியூபிட்டொரென்ட்டைத் தொடங்கினார். ஓப்பன் சோர்ஸ், விளம்பரம் இல்ல. இன்னைக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துறாங்க. மேக், லினக்ஸ்காரங்களுக்கு டிரான்ஸ்மிஷன் ரொம்ப நாளா பழக்கம். என்கிட்ட கேட்டா, இந்த ரெண்டுல ஒண்ணைச் சொல்வேன்.

ஆனா நல்லதைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு அசந்தும் இருக்க முடியாது. 2016 மார்ச்ல டிரான்ஸ்மிஷனோட சொந்தத் தளத்துலேயே யாரோ புகுந்து, 2.90 பதிப்புக்குள்ள 'கீரேஞ்சர்'னு ஒரு ரேன்சம்வேரை வெச்சுட்டாங்க. அது மூணு நாள் சும்மா தூங்கும், அப்புறம் ஃபைல்களைப் பூட்டி ஒரு பிட்காயின் கேக்கும். கியூபிட்டொரென்ட்லயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்காம விடுற அந்தத் தப்பு 2010ல நுழைஞ்சு, 2024 அக்டோபர்ல 5.0.1 பதிப்புலதான் அடைபட்டுச்சு. 14 வருஷம். அதனால நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும் அப்டேட் வந்தா தள்ளிப் போடாதீங்க.

ஃபைல் போடுற வேஷம்

சாஃப்ட்வேர் சுத்தமா இருந்தாலும், ஃபைல் வேஷம் போட்டு வரலாம். 2019 ஜனவரியில பைரேட் பேயில ஒரு ஹாலிவுட் படத்தோட பேர்ல ஒண்ணு சுத்துச்சு. பார்க்க வீடியோ மாதிரி. உண்மையில அது விண்டோஸ் ஷார்ட்கட். கிளிக் பண்ணினா, நீங்க காப்பி பண்ற பிட்காயின் முகவரியைக்கூட திருடனோட முகவரியா மாத்திடும்.

அதே 2019ல வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகமா தாக்கினது 'ஸ்டாப்'ங்குற ரேன்சம்வேர். பெரும்பாலும் கிராக், கீஜென் மூலமாத்தான் பரவுச்சு. கீஜென்னா கள்ளச்சாவி அடிக்கிற புரோகிராம். என் லேப்டாப்ல உக்காந்தது அதுதான். அந்த அக்டோபர்லதான் எம்ஸிசாஃப்ட் கம்பெனி, 'ஸ்டாப்'போட 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டிருந்துச்சு. ஓடிப்போய் இறக்கிப் பார்த்தேன். எனக்கு வந்தது அதுக்கப்புறம் வந்த வகை. திறக்கல. காசும் அனுப்பல. அனுப்பினா சாவி வரும்னு யார் உத்தரவாதம் கொடுப்பா?

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. டொரென்ட் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுச்சு. கைரேகை பொருந்துச்சு, ஒரு துண்டும் கெடல. கள்ளச்சாவி தேடிப் போனதும், வீட்டுக் காவலை அணைச்சதும் நான்.

அதனால நான் இன்னைக்கும் கடைப்பிடிக்கிறதைச் சொல்றேன். சாஃப்ட்வேரை அதோட அதிகாரபூர்வத் தளத்துல இருந்து மட்டும் எடுக்குறேன். தேடுனா மேல வர்ற விளம்பரத்தைத் தொடறதில்ல. விண்டோஸ்ல ஃபைல் பேரோட கடைசி எழுத்துகள் தெரியுற மாதிரி செட்டிங்கை மாத்தி வெச்சிருக்கேன். படம்னு சொல்லிட்டு முடிவுல 'இ.எக்ஸ்.இ' இருந்தா அது படம் இல்ல. டிக் பண்றதுக்கு முன்னாடி டொரென்ட்டுக்குள்ள என்னென்ன ஃபைல் இருக்கு, என்ன சைஸ்னு பார்க்குறேன். சந்தேகம் வந்தா வைரஸ்டோட்டல்ல சோதிக்கிறேன். விபிஎன் உங்க முகவரியை மறைக்கலாம், கெட்ட ஃபைலை நல்ல ஃபைலா மாத்தாது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்ற எதையும் அந்த நிமிஷமே அழிச்சிடுறேன்.

நேர்மையான வழியிலயும் டொரென்ட்டுக்கு ஏகப்பட்ட வேலை இருக்கு. உபுண்டு, டெபியன், லிப்ரே ஆபிஸ் எல்லாத்தையும் அவங்க தளத்துலேயே டொரென்ட்டா கொடுக்குறாங்க. 2012ல இன்டர்நெட் ஆர்க்கைவ் பத்து லட்சத்துக்கு மேல டொரென்ட்டுகளைத் திறந்துவிட்டுச்சு. பழைய புத்தகம், ஒலிப்பதிவு, படம்னு தேடினா பொழுது போறதே தெரியாது. அங்க போட்டவர் யாருன்னு தெரியும். அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாமே.

சரி, போட்டோ என்ன ஆச்சு? போட்டோ எடுத்தவர் அடுத்த கல்யாணத்துக்காக எல்லாத்தையும் அழிச்சிருந்தார். ஆனா நிக்காஹ் அன்னைக்கு லாத்தா சிலருக்குப் படம் அனுப்பியிருந்தா, அவங்க வேற சிலருக்கு அனுப்பியிருந்தாங்க. வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தரா கேட்டேன். துபாய்ல இருந்த மாமா 11 படம் கொடுத்தார். கோலாலம்பூர் சாச்சி, அறந்தாங்கித் தோழி, கடைசியா அத்தாவோட போன். துண்டு துண்டா 63 படம் சேர்ந்துச்சு. வாட்ஸ்அப் சுருக்கினதால கொஞ்சம் மங்கல்தான்.

கொரோனாவால அத்தா 2021லதான் வந்தார். ஆல்பத்தை மெதுவா புரட்டிட்டு, "மத்ததெல்லாம் எங்கப்பா?"ன்னு கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் திரும்ப முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சார்.

இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. போனா திரும்பக் கிடைக்காத படங்களை இன்னொரு ஹார்டு டிஸ்க்ல ஏத்தி, லேப்டாப்ல இருந்து கழட்டித் தனியா வெச்சிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.